மலையகமும் கமராவும்: ஒரு வரலாற்று நோக்கு

பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் யூலியா மார்கிரெட் கமரன் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். ஆங்கில ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான அவர், கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரான தம் கணவருடன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியிற் காலமானார். இங்கு அவர் பிடித்த படங்களுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஓவியர் மரியான் நோர்த் பெயருடன் காணப்படுகின்றார். உழைக்கும் மக்களோ பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். 1878இல் எடுக்கப்பட்ட ஒரு படத்துக்குக் 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே தலைப்பு.

இலங்கைத் தோட்டங்களில் உழைத்தோரின் உருவம் கமராவிற் பதிந்த வரலாறு இவ்வாறு பெயரின்மையோடு தொடங்குகின்றது. அவ்வரலாற்றைக் கருவியின் எடை, விலை, உரிமை ஆகிய மூன்றையும் கொண்டு நோக்குதல் தகும்.

அக்காலக் கமரா, முக்காலியில் ஏற்றி வைக்கப்பட்ட பெரும் பெட்டி. ஈரமான கண்ணாடித் தகட்டில் உருவம் பதியும்வரை எதிரில் நிற்பவர் அசையாதிருத்தல் வேண்டும். அசையாது நிற்குமாறு கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைக் கூறவேண்டியதில்லை. பின்னர், 1890இல் நிறுவப்பட்ட பிளாட்டே போன்ற நிலையங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை அஞ்சலட்டைகளில் அச்சிட்டு விற்றன. கூடை சுமந்த அப்பெண் தேயிலையின் விளம்பரமானாள். அவளது கூலியும் குடியிருப்பும் அட்டைக்கு வெளியே நின்றன.

அசையும் படம் வந்த பின்னரும் நிலை பெரிதும் மாறவில்லை. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காகப் பசில் றைற் 1934இல் எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' உலக விவரணப்பட வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. 1935இல் பிரசெல்சில் பரிசும் பெற்றது. அதன் உரையை வாசித்தவர் லயனல் வென்ட். உரையோ 1681இல் வெளிவந்த றொபேட் நொக்சின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. தேயிலையின் பணத்தில் உருவான அப்படத்தில் தேயிலைத் தொழிலாளி தன் வாழ்வைத் தன் மொழியிற் கூறும் வாய்ப்பைப் பெறவில்லை.

1960களில், தோளிற் சுமந்து செல்லத்தக்க 16 மில்லிமீற்றர் கமராக்களும் ஒத்திசைந்த ஒலிப்பதிவுக் கருவிகளும் செய்தியாளர் கைக்கு வந்தன. அக்கருவிகளின் காலத்திலேயே, 1973இல், பிரித்தானியாவின் கிரனடாத் தொலைக்காட்சி தனது 'வேர்ல்ட் இன் அக்சன்' நிகழ்ச்சியில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வறுமையையும் போசாக்கின்மையையும் காட்டியது. தேநீர் அருந்தும் நாட்டிலே அது பெரும் விவாதத்தை எழுப்பிற்று. ஆயினும், இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இலேயே. தம் பசி படமாகியதைப் பசித்தவர்கள் தம் நாட்டில் தொலைக்காட்சியிற் காண வழியிருக்கவில்லை.

தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்து, எஸ். இராமநாதன் நெறியாள்கையில் 1975இல் வெளிவந்த 'புதிய காற்று' மலையகம் தானே கமராவை நாடிய முயற்சியாகும். அதன் கதையாக்கத்திற் பங்குகொண்டவர் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். எனினும் படச்சுருளின் விலை எளியோர்க்கு எட்டாததாகவே இருந்தது. 16 மில்லிமீற்றரில் 100 அடிச் சுருள் மூன்று நிமிடங்கூட ஓடாது. அதனைக் கழுவிப் பிரதியெடுக்கவும் தனிச்செலவு உண்டு.

இத்தடையைத் தகர்த்தது கையடக்க உயர்தெளிவு ஒளிப்பதிவுக் கருவி. 2004இல் வெளிவந்த சோனி எச்.டி.ஆர்.–எப்.எக்ஸ்.1, சுமார் 2 கிலோகிராம் எடையில், 1080 வரிகள் கொண்ட காட்சியைச் சிறிய நாடாவிற் பதிந்தது. அதன் விலை 4,000 அமெரிக்க டொலருக்கும் குறைவு. ஒரு நாடா ஒரு மணிநேரம் ஓடும். 10 அடிக்கு 12 அடியான லயன் காம்பராவில், அடுப்புக்கும் பாய்க்கும் இடையில், முக்காலிக்கு இடமில்லை. கையிற் பிடித்த கருவிக்கு இடமுண்டு. பேசுபவர் தயங்கும்போது அணைத்துவிடாது காத்திருக்கவும் அது இடந்தந்தது. சுயாதீனப் படைப்பாளர்க்கும் செய்தியாளர்க்கும் அது அளித்த பெருங்கொடை இதுவே.

கருவி இலேசானமை மட்டும் நீதியாகிவிடாது. கமரனின் படங்கள் 140 ஆண்டுகளுக்குப் பின்னரும் அரும்பொருளகங்களில் வாழ்கின்றன. 2004க்குப் பின் பதியப்பட்ட நாடாக்களோ ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இரையாகத்தக்கவை. அவற்றை இயக்கும் கருவிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நிகழ்ந்த நடைபயணத்தின் காலத்தில் கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. பதிவுகள் பெருகின, பேணும் இடம் பெருகவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிறப்புக்கு ஆவணம் கேட்டது. ஆவணம் இல்லாமையால் நாடற்றோரான மக்கள் இவர்கள். ஒரு பதிவின் பெறுமதியை இவர்களிலும் நன்கறிந்தார் யாருமிலர். ஆதலால் அந்நாடாக்களைத் தேடிப் பிரதிசெய்து, பேசியவரின் இசைவுடன் அவரது பெயரையும் தோட்டத்தையும் நாளையும் குறித்து வைத்தல் பல்கலைக்கழகங்களின் கடனாகும். கமரனின் கண்ணாடித் தகட்டில் விடுபட்ட பெயர் இனியும் விடுபடலாகாது.