யார் பெயரில் உரிமம்?

சட்டக் கல்லூரி முதலாண்டு, ஒப்பந்தச் சட்டத் தேர்வு. தொழில் செய்யும் உரிமைக்குக் குறுக்கே நிற்கும் தடைகள் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த வழிகாட்டியில் படித்த ஒற்றை வரியை அப்படியே எழுதினேன்: நாகிள் எதிர் ஃபீல்டன், 1966, ஒரு தொழிலை முழுக்கத் தன் கைக்குள் வைத்திருக்கும் சங்கம், தன் இஷ்டத்துக்கு ஒருவருக்கு உரிமம் மறுக்க முடியாது. பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று சொந்தச் சரக்காக நாலு வரி சேர்த்தேன். 'திரு. நாகிள் ஒரு குதிரைப் பயிற்சியாளர். இவர் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்…' திருத்தியவர் அந்தத் 'திரு'வைத் தொடவில்லை. முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, வேறொரு வழக்குக்காக அந்தத் தீர்ப்பை முழுசாக எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, திரு. நாகிள் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பது. அவர் ஃபுளோரன்ஸ் நாகிள். தீர்ப்பு வந்த அன்று அவருக்கு வயது 71. அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டதற்கு இருந்த ஒரே காரணம் அவர் பெண் என்பது. வழக்கின் உயிரே அதுதான். அந்த உயிரை உருவிவிட்டுச் சக்கையை மட்டும் என் வழிகாட்டி கொடுத்திருந்தது. ஆனால் வழிகாட்டியின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. குதிரை, லைசென்ஸ், பயிற்சியாளர் என்ற மூன்று சொற்களைப் பார்த்ததும் தொப்பி வைத்த ஓர் ஆணை வரைந்துகொண்டது என் மூளைதான்.

ரேஸ் உலகம் பழக்கமில்லாத தோழிகளுக்காக ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் ஓடும் எந்த மிருகத்தையும் சுற்றி இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று உரிமையாளர் பதிவு. அதற்குத் தேவை பெரும்பாலும் பணம்தான். மற்றது பயிற்சியாளர் உரிமம். மிருகத்துக்குத் தீனி என்ன, ஓட்டம் எவ்வளவு, காலில் வீக்கம் இருக்கிறதா, இந்த வாரம் ஓடலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்யும் ஆளுக்கான காகிதம் அது. இங்கிலாந்தில் 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வியூ மைதானத்தில் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் தொடங்கியது. 1928-ல் தேசிய கிரேஹவுண்ட் ரேஸிங் கிளப் உருவானபோது, குதிரைப் பந்தயத்தை ஆண்ட ஜாக்கி கிளப்பைப் பார்த்தே தன் ஒழுங்குகளை வகுத்துக்கொண்டது. நாய்க்கு அடையாளப் புத்தகம் உண்டு. நிறம், காது மடலின் குறி, கால் நகங்களின் நிறம்கூட அதில் எழுதப்படும். உரிமையாளர் பதிவு செய்துகொள்ள வேண்டும், பயிற்சியாளர் உரிமம் வாங்க வேண்டும். பெரிய மைதானங்களில் நாய்கள் மைதானத்துக் கொட்டடியிலேயே உரிமம் பெற்ற பயிற்சியாளரின் பொறுப்பில் இருந்தன. உரிமையாளர் வந்து தடவிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

பெண்கள் உரிமையாளர்களாக இருப்பதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. மிக் தி மில்லர் என்ற நாய் அந்தக் காலத்துச் சினிமா நட்சத்திரம்போலக் கொண்டாடப்பட்டது. 1929-லும் 1930-லும் லண்டன் ஒயிட் சிட்டியில் கிரேஹவுண்ட் டெர்பியை வென்றது. இரண்டாம் முறை வென்றபோது அதன் உரிமையாளர் ஒரு பெண். கணவர் அவருக்கு அந்த நாயைப் பரிசாக வாங்கிக் கொடுத்திருந்தார். பதிவேட்டில் அவர் பெயர் 'திருமதி அருண்டல் கெம்ப்டன்'. அருண்டல் என்பது கணவரின் பெயர். பரிசு மனைவிக்கு, பதிவேட்டில் பெயர் புருஷனுக்கு! குதிரைகளிலும் இதே கதைதான். 1937-ல் எப்சம் டெர்பியை வென்ற மிட்-டே சன் குதிரையின் உரிமையாளர் 'திருமதி ஜி. பி. மில்லர்'. எப்சமில் ஓடி டெர்பி வென்ற குதிரைக்கு உரிமையாளரான முதல் பெண் அவர். அவருடைய சொந்தப் பெயர் லெட்டிஸ்.

அந்த 1937 டெர்பியில் இரண்டாவதாக வந்த குதிரை சாண்ட்ஸ்பிரைட். 1-க்கு 100 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கித் தள்ளியிருந்த குதிரை அது. அதன் உரிமையாளரும் பெண்தான். ஆம், நம் ஃபுளோரன்ஸ் நாகிள். முதலிரண்டு இடங்களிலும் பெண்களின் குதிரைகள். பணம் கட்டினால், குதிரை வாங்கினால், பந்தய நாளில் நல்ல தொப்பி அணிந்து வந்து கோப்பையை வாங்கிக்கொண்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அந்தக் குதிரையை ஓட வைத்தது நான்தான் என்று சொன்னால்தான் பிரச்சினை.

நாகிள் பணக்கார வீட்டுப் பெண். அப்பா பெரிய பால்பொருள் நிறுவனம் நடத்தியவர், பட்டம் பெற்றவர். முதல் உலகப் போருக்கு முன்பே ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் நாய்களை வளர்க்கத் தொடங்கிவிட்டார். கிரேஹவுண்டைப்போல, நம் சிப்பிப்பாறையைப்போல, கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் இனம்; ஆனால் உயரத்தில் கன்றுக்குட்டி. 1920-களிலேயே மணவிலக்குப் பெற்றுத் தனியே நின்றார். குதிரைகளும் அதே காலத்தில் வந்தன. நாயின் நடையைப் பார்த்து அதன் தோள் எலும்பைச் சொல்லிவிடும் கண் அவருக்கு இருந்தது என்பதை அவருடைய நாய்கள் வாங்கிக் குவித்த பரிசுகளே காட்டின. 1960-ல் உலகின் பெரிய நாய்க் கண்காட்சியான கிரஃப்ட்ஸில் ஒட்டுமொத்தச் சிறந்த நாயாகத் தேர்வானது அவர் பண்ணையின் சல்ஹாம்ஸ்டெட் மெர்மன்தான்.

இப்படிப்பட்டவர் குதிரைப் பயிற்சியாளர் உரிமம் கேட்டால் ஜாக்கி கிளப்பின் ஸ்டூவர்டுகள் மறுத்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்ப மறுத்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. கொடுப்பதில்லை, அவ்வளவுதான். எழுதாத விதியைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ன? எழுதிய விதியையாவது நீட்டிக் கேள்வி கேட்கலாம். எழுதாததை எங்கே போய்த் தேடுவது?

அதற்கு ஒரு குறுக்குவழியும் அவர்களே வைத்திருந்தார்கள். லாயத்தில் வேலை செய்யும் தலைமைப் பணியாளரின் பெயரில் உரிமம் கொடுத்துவிடுவார்கள். நாகிளிடம் சம்பளம் வாங்குபவர், நாகிள் சொல்லும் வேலையைச் செய்பவர், காகிதத்தில் 'பயிற்சியாளர்'. நாகிள் காகிதத்தில் யாருமில்லை. இது ஸ்டூவர்டுகளுக்குத் தெரியாமல் நடந்த தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் பயிற்சி கொடுப்பதை அவர்கள் தடுக்கவே இல்லை. அவர்கள் காத்துக்கொண்டது பதிவேட்டை மட்டும்தான்.

நாகிள் ஒருவர் மட்டுமல்ல. நோரா வில்மட் 1930-களின் தொடக்கத்தில் தந்தையின் லாயத்தை எடுத்து நடத்தத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் குதிரைகள் வேறொருவர் பெயரில் ஓடின. ஹெலன் ஜான்சன் ஹூட்டனின் கதை எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1952-ல் கணவர் வேட்டைச் சவாரியில் விபத்தில் இறந்தார். ஹெலன் லாயத்தை மூடவில்லை. 1956-ல் அவர் தயார் செய்த ஜில் டி ரே என்ற குதிரை, 1-க்கு 50 விலையில், 2000 கினீஸ் பந்தயத்தை வென்றது. இங்கிலாந்தின் ஐந்து பெரும் கிளாசிக் பந்தயங்களில் அது ஒன்று. இன்றும் பதிவேட்டைப் புரட்டினால் பயிற்சியாளர் என்ற இடத்தில் சார்ல்ஸ் ஜெர்டீன் என்ற பெயர்தான் இருக்கும். உரிமம் அவர் பெயரில் இருந்தது. கிளாசிக் வென்ற முதல் பெண் பயிற்சியாளர் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படுபவர் பிரான்சின் கிரிகெட் ஹெட். ஆண்டு 1983. நடந்ததற்கும் பதிவேட்டுக்கும் இடையே 27 ஆண்டுகள். வரலாறு எழுதுபவர்கள் பதிவேட்டிலிருந்துதான் எடுப்பார்கள். நானும் அப்படித்தானே 'திரு' போட்டேன்?

வேலை நடக்கிறது, குதிரை ஓடுகிறது, காகிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். பயிற்சியாளர் உரிமம் வெறும் மரியாதைக் காகிதம் இல்லை. குதிரைக்கு ஊக்கமருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அந்தக் காலத்தில், கொடுத்தது யாராக இருந்தாலும் பயிற்சியாளரின் உரிமம்தான் பறிபோகும். 1930-களில் ஒரு பயிற்சியாளர் அப்படித் தண்டிக்கப்பட்டு நீதிமன்றம் வரை போனார். ஆக, தான் எடுக்காத முடிவுகளுக்கு அந்தத் தலைமைப் பணியாளர் பொறுப்பாளி. தன் முடிவுகளுக்கு அந்தப் பெண் பொறுப்பாளி இல்லை. அவர் வேலையை விட்டுப் போனால் லாயத்துக்கு மறுபடி ஓர் ஆண் பெயர் தேட வேண்டும். இருவரையும் சேர்த்தே சிறுமைப்படுத்திய ஏற்பாடு அது.

நம்மூர்க் கிண்டி ரேஸை நிறுத்தத் தமிழ்நாடு அரசு 1974-ல் கொண்டுவந்த சட்டம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்றது நீதிமன்றம். அது எண்ணிச் சொன்ன திறமைகளில் குதிரைக்குக் கொடுக்கும் பயிற்சியும் ஒன்று. பந்தயத் தொழிலின் கௌரவமே பயிற்சியாளரின் திறமையில் தொங்குகிறது என்றால், அந்தத் திறமை பெண்ணிடம் இருப்பதை ஒப்புக்கொள்ள ஜாக்கி கிளப் ஏன் அவ்வளவு பயந்தது என்பதும் கொஞ்சம் விளங்குகிறது.

நாகிள் வழக்குப் போட்டார். எதிராளிகள் ஜாக்கி கிளப்பின் ஸ்டூவர்டுகள். தலைமையில் சர் ராண்டில் ஃபீல்டன். பெண்ணால் குதிரையைப் பழக்க முடியாது என்று அவர்கள் வாதாடவில்லை. அப்படி வாதாடினால் சிரிப்பார்கள். உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே, பிறகு எதை வைத்து வழக்கு என்றார்கள். கீழ் நீதிமன்றம் அதை ஏற்று, விசாரணைக்கே போகாமல் மனுவைத் தள்ளியது. 1966 பிப்ரவரி 22 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். சாதாரண மனமகிழ் மன்றம் தன் விருப்பப்படி யாரையும் சேர்க்காமல் விடலாம். ஆனால் ஒரு தொழிலின் கதவையே கையில் வைத்திருக்கும் அமைப்பு அப்படி நடந்துகொள்ள முடியாது, மனிதர்களுக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறது என்பது டென்னிங் பிரபு சொன்னதன் சாரம். நீதிபதி சால்மன், பெண் என்பதற்காக மறுப்பது தலைமுடியின் நிறத்துக்காக மறுப்பதைப் போன்றது என்றார்.

இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பேன், அடுத்த வரி கண்ணில் படாமல் இருந்திருந்தால். குதிரைப் பயிற்சி பெண்ணுக்குப் பொருந்தாத தொழில் ஒன்றும் இல்லையே என்று சொல்லவந்த டென்னிங், பொருந்தாத தொழிலுக்கு உதாரணமும் கொடுத்தார்: ஜாக்கி, மோட்டார் சைக்கிள் பந்தய ஓட்டுநர். ஒரு கதவைத் திறந்த கையாலேயே அடுத்த கதவைச் சாத்திவிட்டுப் போனார். வழிகாட்டியில் இந்த வரியும் இல்லை.

அந்தத் தீர்ப்பால் நாகிளுக்கு உரிமம் கிடைத்துவிடவில்லை. வழக்கை விசாரிக்கலாம் என்பது மட்டுமே முடிவு. விசாரணை வரை போக ஜாக்கி கிளப்புக்குத் துணிவில்லை. ஜூலை மாத இறுதியில் இறங்கிவந்தது. நாகிளுக்கும் நோரா வில்மட்டுக்கும் உரிமம் கிடைத்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரைட்டனில் வில்மட்டின் பேட் என்ற குதிரை வென்றது. இங்கிலாந்தில் பெண் பயிற்சியாளரின் பெயரில் பதிவான முதல் வெற்றி அது.

ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வழக்கு நடத்தும் வசதி நாகிளுக்கு இருந்தது. விடியற்காலையில் சாணம் அள்ளிய, தீவனம் கலந்த, குதிரையை நடத்திக்கொண்டு போன பெண்களுக்கு அது இல்லை. கிரேஹவுண்ட் கொட்டடிகளின் 1930-களின் படங்களில் வெள்ளைக் கோட்டு அணிந்த இளம் பெண்கள் நாய்களைப் பிடித்தபடி வரிசையாக நடக்கிறார்கள். நாயின் பெயர் தெரியும், உரிமையாளர் பெயர் தெரியும், பயிற்சியாளர் பெயர் தெரியும். பிடித்து நடப்பவளின் பெயர் எழுதப்படுவதில்லை. உரிமம் பற்றிய போராட்டம் அவர்கள்வரை போகவில்லை. நாகிள் அவர்களுக்காகப் போராடினார் என்று சொன்னால் அது நான் எழுதிய 'திரு'வைப்போல இன்னொரு பொய்யாகிவிடும். அவர் தனக்காகப் போராடினார், தன்னைப் பெண்ணியவாதி என்றும் சொல்லிக்கொண்டார். முடிவு செய்ய வேண்டியது திறமை, பால் அல்ல என்பது அவர் கட்சி.

ஆனால் அவர் தன் காரியம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடவில்லை. நாய் உலகின் ஜாக்கி கிளப்பான கென்னல் கிளப், பெண்களைத் தனியொரு கிளையில் உட்கார வைத்திருந்தது. முழு உறுப்பினர் உரிமை ஆண்களுக்கு மட்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே பரிசுகள் வாங்கியவருக்கு வாக்கு இல்லை. 1978-ல், 83 வயதில், அவர்களையும் தீர்ப்பாயத்துக்கு இழுத்தார். தோற்றார். ஆனால் 1979-ல் கிளப் தானாகவே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் ஜாக்கி கிளப்பும் 1977-ல் தன் முதல் மூன்று பெண் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்களில் ஒருவர் ஹெலன் ஜான்சன் ஹூட்டன். 1956-ஆம் ஆண்டின் பதிவேட்டில் பெயர் இல்லாத அதே ஹெலன்.

டென்னிங் பொருந்தாது என்ற தொழிலுக்கும் பெண்கள் வந்தார்கள். 1972 மே மாதம் கெம்ப்டன் பார்க்கில் பெண்கள் மட்டும் சவாரி செய்யும் பந்தயம் முதன்முதலாக நடந்தது. மெரியல் டஃப்னல் வென்றார். 1975-ல் பால்பாகுபாட்டுச் சட்டம் வந்தபின் தொழில்முறை ஜாக்கியாகவும் வழி திறந்தது. 1986-ல் அதே கெம்ப்டனில் இன்னொரு பந்தயம் நடந்தது. ஜாக்கித் தொழில் பழகும் பெண்களுக்கு மட்டுமான பந்தயம் அது. பணம் கொடுத்தவர் 91 வயது ஃபுளோரன்ஸ் நாகிள். பந்தயத்தின் பெயரிலேயே அவர் பெயர் இருந்தது, அவருடைய சொந்தப் பெயர், முழுதாக.