வியர்வையிலிருந்து தொடங்குவோம்: கொழும்பில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவோருக்கான ஊட்ட ஆலோசனை பற்றிய ஒரு மறுசிந்தனை

1979ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி தொடங்கி 10ஆந் திகதி வரை ஒரு மனிதர் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி இடைவிடாமல் சைக்கிள் மிதித்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் அவர். நம்மவர் நாவில் ஆழிக்குமரன் ஆனந்தன். 187 மணி 28 நிமிடம் என்ற அந்தக் கணக்கு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவுமாக நீந்திக் கடந்தவர் என்றும், 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தவர் என்றும் அவரை நினைவுகூர்கிறோம். மே மாத வெக்கையில் நகரின் நடுவே அவர் மிதித்த அந்த எட்டு நாள்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நெடுந்தூர உடலுழைப்புக்கு என்ன உண்பது என்ற கேள்வியை இலங்கையில் எழுப்புகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிக மெதுவாக மிதித்தாலும் மணிக்கு 250 கிலோகலோரி செலவாகும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 187 மணி நேரத்துக்கு அது 47,000ஐ நெருங்கும். தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமித்து வைக்கக்கூடியதோ ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரி. உடற்கொழுப்பு பெரும் பங்கை ஈடுசெய்திருக்கும் என்றாலும், வாய்வழி உணவும் நீரும் உப்பும் மணிக்கு மணி உள்ளே போகாமல் அந்தச் சாதனை இயலாது. சக்திக் கணக்கை எந்த நாட்டு நூலிலும் படித்துக்கொள்ளலாம். நீரும் உப்பும் அப்படியல்ல. அவை ஊருக்கு ஊர் மாறுபவை. கொழும்பில் நெடுந்தூர ஓட்டுநருக்கான ஊட்ட ஆலோசனை வியர்வையையும் உப்பையும் முதலாவதாகவும், மாச்சத்தை இரண்டாவதாகவும் வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்று நம் இளைஞர் கேட்கும் ஆலோசனைகளில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது.

மாச்சத்துப் பற்றிய அறிவு உறுதியானது; அதை மறுக்க நான் வரவில்லை. 1924இல் பொஸ்ரன் மரதனை ஓடி முடித்தவர்களின் குருதியைச் சோதித்தவர்கள், சோர்ந்து விழுந்தவர்களிடம் குளுக்கோசு தாழ்ந்திருந்ததைக் கண்டார்கள். மறு ஆண்டு ஓட்டத்தின் நடுவே இனிப்புக் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை திருந்தியது. 1966இல் சுவீடனின் பேர்க்ஸ்ரோமும் ஹல்ற்மனும் தங்கள் உடலிலேயே செய்த பரிசோதனை இன்னும் நேர்த்தியானது. இருவரும் ஒரே சைக்கிளின் இரு புறமும் இருந்து ஆளுக்கொரு காலால் மிதித்தார்கள். பின்னர் மாச்சத்து மிகுந்த உணவை உண்டபோது, உழைத்துக் களைத்த காலில் மட்டும் கிளைக்கோசன் முன்னிருந்த அளவைத் தாண்டிப் பெருகியது. மறு ஆண்டு வெளியான ஆய்வில், கொழுப்பும் புரதமும் உண்டவர்கள் ஒரு மணி நேர அளவிலேயே களைத்தார்கள். கலப்புணவு உண்டவர்கள் இரண்டு மணியை அண்மித்தார்கள். மாச்சத்து உண்டவர்களோ மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாகத் தாக்குப்பிடித்தார்கள்.

குடல் எவ்வளவை ஏற்கும் என்பதும் தெரிந்ததே. குளுக்கோசு மட்டுமானால் மணிக்கு 60 கிராம் அளவுக்கே உறிஞ்சப்படும். பிரக்டோசு வேறு வாசலால் நுழைவதால் இரண்டும் சேர்ந்தால் 90 கிராம் வரை போகலாம். அதனாலேயே இரண்டரை மணிக்கு மேற்பட்ட ஓட்டத்துக்குக் கலவைச் சீனி பரிந்துரைக்கப்படுகிறது. இதற்காகக் கப்பலேறி வந்த பாகுப் பொதிகளைத் தேட வேண்டியதில்லை. கடைச் சீனியே பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு. பேரீச்சம்பழத்திலும் இரண்டும் ஏறத்தாழச் சமம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் மாச்சத்து உண்டு. கதலி சிறிதானால் இரண்டாக எடுத்துக்கொள்ளலாம். கால் றாத்தல் பாணில் 55 கிராம் அளவில் இருக்கும். 2012இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 14 சைக்கிளோட்டக்காரரை 75 கிலோமீற்றர் ஓடவிட்டு வாழைப்பழத்தையும் விளையாட்டுப் பானத்தையும் ஒப்பிட்டார்கள். ஓடி முடித்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாழைப்பழம் உண்டவர்களுக்கு வயிறு சற்று ஊதியது போலிருந்தது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டு, பெற்றோல் வரிசையில் நிற்க முடியாமல் எத்தனையோ பேர் சைக்கிளுக்கு மாறிய காலத்தில், இறக்குமதிப் பொதிகளை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

இனி வியர்வைக்கு வருகிறேன். கொழும்பில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஈரப்பதன் 80 வீதத்தைச் சுற்றி வருகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும். ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து கைபிடியில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. காற்றே நீரால் நிறைந்திருக்கும்போது உடல் இன்னும் வியர்க்கிறது, இன்னும் சொட்டுகிறது. காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே காலிமுகத்திடலுக்குப் போய்த் திரும்புகிறவரின் தலைக்கவசப் பட்டியைப் பாருங்கள். காய்ந்த பின் கறுப்பு நாடாவில் வெள்ளை வரிகள் படிந்திருக்கும். அது தூசியல்ல, உப்பு.

எடுத்துக்காட்டாக 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 1.2 லீற்றர் வியர்வை விட்டு மூன்று மணி நேரம் ஓட்டுகிறார் என்போம். மொத்தம் 3.6 லீற்றர். வியர்வையில் சோடியம் ஆளுக்காள் பெரிதும் மாறும், லீற்றருக்கு 0.9 கிராம் என்று நடுவாக வைத்தால் அவர் இழப்பது 3.2 கிராம் சோடியம். அது 8 கிராம் கறியுப்புக்குச் சமன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு வகுத்த எல்லை 5 கிராம் உப்பு. குளிர்நாட்டு இலையுதிர்காலத்தில் எழுதப்பட்ட அட்டவணை ‘மணிக்கு ஒரு போத்தல் நீர், ஒரு பொதி’ என்று சொல்லும்போது, அதை எழுதியவரின் கண்ணில் இந்த 8 கிராம் பட்டிருக்காது.

இங்கே நம் வழக்கமும் நம்மை ஓரிடத்தில் ஏமாற்றுகிறது. களைத்து வந்தவருக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பது நம் ஊர்ப் பண்பு. அதன் குளிர்ச்சியையும் சுத்தத்தையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் நிறைந்திருப்பது பொற்றாசியம், சோடியம் சிறிதளவே. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இரண்டு செவ்விளநீர் குடித்துவிட்டு ‘உப்பெல்லாம் திரும்பி வந்துவிட்டது’ என்று நம்புவது பிழை. அளவாக உப்பைப் போட்டுக் கலக்கினால் பிழை திருந்திவிடும். ஆடிவேல் காலத்துத் தண்ணீர்ப்பந்தலில் மோருக்கு உப்புப் போட்டவர்கள் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

உப்பும் சீனியும் ஏன் சேர்ந்து போக வேண்டும் என்பதற்கு 1960இல் பிராக் நகரில் றொபேட் கிறேன் முன்வைத்த விளக்கமே அடிப்படை. குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒரே வாசலால் கைகோத்து நுழைகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1971இல் வங்காள அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகலனாபிஸ் வாந்திபேதி நோயாளரை உப்பும் சீனியும் கலந்த நீரால் காப்பாற்றியபோது இந்த வாசல்தான் திறந்தது. நம் வீடுகளில் அந்தப் பொடியின் பெயர் ஜீவனி. 2002இல் திருத்தப்பட்ட உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் ஏறத்தாழ 1.7 கிராம் சோடியமும் உள்ளன. நீரைச் சேர்ப்பதற்கு அது போதும். சக்திக்கோ 13.5 கிராம் எந்த மூலைக்கும் காணாது. எனவே ஜீவனி குடித்தவர் கையில் கதலியும் இருக்க வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது: ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டியில் மூன்றிலொரு பங்கு உப்பு, ஒரு தேசிக்காய்ச் சாறு. 60 கிராம் மாச்சத்தும் 0.8 கிராம் அளவு சோடியமும் அதில் கிடைக்கும்.

ஓட்டம் முடிந்த பிறகு என்ன உண்பது என்பதற்குக் கொழும்புப் புதுக்கடையிலேயே நல்ல சான்று உண்டு. நோன்பு மாத மாலைகளில் வாழைத்தோட்டம், புதுக்கடைப் பக்கத்துப் பள்ளிவாசல்களில் பெரிய சட்டிகளில் கஞ்சி வேகும். பச்சரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, றம்பை, கொஞ்சம் இறைச்சி, தாராளமாக நீர், அளவான உப்பு. பாங்கு சொன்னதும் முதலில் பேரீச்சம்பழம், பிறகு இந்தக் கஞ்சி. பதின்மூன்று மணி நேரம் நீரும் உணவும் தொடாத உடலுக்கு முதலில் இருவகைச் சீனி, அடுத்து உப்பும் மாவும் புரதமும் கலந்த நீருணவு. மூன்று மணி ஓட்டத்தின் பின் ஓர் ஆய்வுகூடம் எழுதித் தரக்கூடிய பட்டியலும் இதிலிருந்து அதிகம் விலகாது. வணக்கத்துக்காக உருவான உணவை விளையாட்டுக்கான கண்டுபிடிப்பு என்று நான் உரிமை கோரவில்லை. இந்நகரத்து மக்கள் வெக்கையில் வறண்ட உடலை எப்படிக் கவனித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைவிட்டு மெல்லத்தான் இறங்கும். ஆகையால் ஓட்டத்துக்குப் பின் கஞ்சி, ஓட்டத்துக்குள் வேண்டாம். புதுக்கடைத் தெருவில் இரவில் விற்கும் எண்ணெய் மினுங்கும் கொத்துரொட்டிக்கும் இதே காரணம் பொருந்தும். விடியற்காலை ஓட்டத்துக்கு முந்திய இரவு அது ஏற்ற உணவல்ல. சோறும் பருப்பும் போதும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. வெக்கைக்குப் பழகியவரின் வியர்வையில் உப்புக் குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பழகிய உடல் விரைவாகவும் அதிகமாகவும் வியர்க்கிறது. அதோடு, நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் இருந்து ஞாயிறு மட்டும் வெயிலுக்கு வருகிறவர் கொழும்பில் பிறந்திருந்தாலும் பழகியவர் ஆகமாட்டார். இரண்டாவது தடை இன்னும் கவனத்துக்குரியது: வியர்வையை முன்வைத்தால் ஆள்கள் மிகையாகக் குடிக்கத் தொடங்குவார்கள் என்பார்கள். உப்பின்றி வெறும் நீரை மிகையாகக் குடித்தால் குருதிச் சோடியம் தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். 2002 பொஸ்ரன் மரதனில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதத்தினருக்குச் சோடியம் இயல்பளவுக்குக் கீழே இருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். மிகையாகக் குடித்ததே அங்கு முதற் காரணம் என்பதால், உப்பைக் கூட்டிவிட்டு வேண்டியமட்டும் குடிக்கலாம் என்று யாரும் எண்ணக்கூடாது. உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும் இவ்வளவு பரவியுள்ள சமூகத்தில் நான் சொல்லும் உப்பும் சீனியும் வியர்வை சிந்தும் அந்த மணி நேரங்களுக்கு மட்டுமே உரியவை. மேசையில் இருந்து உண்ணும் உணவுக்கு அவை பொருந்தா. மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

பொதியில் வரும் பாகு வீண் என்றும் நான் சொல்லவில்லை. நுவரெலியா ஏற்றத்தில் மூச்சு வாங்கும் போட்டியாளருக்குப் பாணை மெல்ல நேரமில்லை. அவருக்கு அது வசதி. பயிற்சியின் மீதி நாள்களுக்கும், சைக்கிளில் அலுவலகம் போகிறவருக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அது தேவையில்லை.

விளையாட்டுக் கழகங்களையும் பாடசாலைப் பயிற்றுநர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஓர் எடைக்கருவி வையுங்கள். புறப்படுமுன் ஒரு தடவை, திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். குறைந்த கிலோவோடு குடித்த லீற்றரைக் கூட்டி, ஓடிய மணியால் வகுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் குறித்து வையுங்கள். திரும்பும்போது எடை கூடியிருந்தால் அந்தப் பிள்ளை அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறது. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்திருந்தால் போதாமல் குடித்திருக்கிறது. அந்த ஏட்டை ஓராண்டு பேணித் தாருங்கள். கொழும்புக்கான அட்டவணையை நாமே எழுதலாம்.