மொழிபெயர்ப்பாளரின் நாட்குறிப்பு

முற்றுகைகளின் வரலாறு பெரும்பாலும் நகரைக் காத்த தளபதியின் பெயராலேயே எழுதப்படுகிறது. உள்ளே அகப்பட்டிருந்த ஏனையோர் என்ன உண்டனர், எவ்வாறு உயிர் தரித்தனர் என்பதை அவ்வரலாறு கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் மாபெக்கிங் முற்றுகையும் நெடுங்காலம் அவ்வாறே சொல்லப்பட்டு வந்தது.

1899 அக்டோபரில் பிரிட்டிஷாருக்கும், டச்சு வழிவந்த குடியேறிகளாகிய போயர்களுக்கும் போர் மூண்டது. போயர் படை மாபெக்கிங்கை வளைத்துக்கொண்டது. 217 நாட்களுக்குப் பின், 1900 மே 17ஆம் நாள் நகரம் மீட்கப்பட்டது. செய்தி கேட்டு லண்டன் மக்கள் வீதிகளில் ஆடிப் பாடினர். நகரைக் காத்த பேடன் பவல் பெருவீரராகப் போற்றப்பட்டார். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே.

ஆனால், முற்றுகைக்குள் அகப்பட்டோரில் வெள்ளையரினும் ஆப்பிரிக்கரே பன்மடங்கு மிகுதி. அவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். நகரையொட்டித் தம் ஊரமைத்து வாழ்ந்த பரோலாங் மக்களும், போரினால் வந்து தங்கிய அகதிகளும் அவர்களுள் அடங்குவர். பரோலாங் வீரர்கள் துப்பாக்கி ஏந்தித் தம் எல்லையைக் காத்தனர். மே 12ஆம் நாள் போயர்கள் அவ்வூரின் வழியே உட்புகுந்தபோது, அவர்களை மடக்குவதிலும் பெரும்பங்கு கொண்டனர். வெற்றிக் கதைகளில் இவர்களுக்கு இடம் கிட்டவில்லை.

அவர்களிடையே ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் சாலமன் பிளாட்ஜே. வயது இருபத்து மூன்று. நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்; பல மொழிகள் வல்லவர். மனைவியையும் மகனையும் பிரிந்திருந்த அவர், 1899 அக்டோபர் 29ஆம் நாள் முதல் 1900 மார்ச் இறுதி வரை நாட்குறிப்பு எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினாரெனினும், இடையிடையே தம் தாய்மொழியாகிய சுவானாவும் பிற மொழிகளும் கலந்து வரும். பீரங்கியின் முழக்கத்தையும் நகைச்சுவையோடு எழுத அவரால் முடிந்தது. உணவு குறையக் குறைய, அந்நகையின் ஊடே துயரமும் தலைகாட்டுகிறது. குதிரை இறைச்சி மனிதர்க்கு உணவானதையும், பசியால் ஆப்பிரிக்கர் மடிந்ததையும் அவர் கண்டு எழுதினார். முற்றுகை ஒன்றே, பட்டினி மட்டும் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை.

பிளாட்ஜே பின்னர்ப் பத்திரிகை ஆசிரியரானார். 1912இல், பிற்காலத்தில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பின் முதற் பொதுச் செயலாளரானார். மறு ஆண்டில் வந்த நிலச் சட்டம், நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்குக்கு வெளியே ஆப்பிரிக்கர் நிலம் வாங்குவதைத் தடை செய்தது. முற்றுகையில் பிரிட்டிஷாரின் பக்கம் நின்ற மக்களுக்குக் கிடைத்த கைம்மாறு இது. அதனை எதிர்த்து அவர் லண்டன் சென்று வாதாடினார். 1916இல் நூலும் வெளியிட்டார். ஷேக்ஸ்பியரைச் சுவானா மொழியில் பெயர்த்தவரும் அவரே. 1932இல் அவர் மறைந்தார்.

அவர் நாட்குறிப்போ, 1969இல்தான் மானிடவியலாளர் ஜான் கோமரோப் கைக்கு எட்டியது, 1973இல் அச்சேறியது. எழுதி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு மொழிபெயர்ப்பாளரின் நிலை நன்கு விளங்கும். நீதிமன்றத்தில் அவர் வாதியின் சொல்லைச் சொல்வார். பிரதிவாதியின் சொல்லையும் சொல்வார். தம் சொல்லை அங்கே சொல்ல அவருக்கு உரிமையில்லை. பகலெல்லாம் பிறர் சாட்சியங்களைச் சுமந்த பிளாட்ஜே, அந்நாட்குறிப்பில் தம் சாட்சியத்தை எழுதி வைத்தார். வரலாறு அதனைக் காலந்தாழ்த்தியே கேட்டது. ஆயினும் கேட்டபின், மாபெக்கிங்கின் கதையைப் பழையபடி சொல்லுதல் இயலாதாயிற்று.