போத்தனூரும் அனாமத்துக் கணக்கும்

போன மார்ச் 31 ராத்திரி. ஆபீஸில் ஒரு ரிப்போர்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் சக்கரம் சுற்றுகிறது. ஓடுதா, மாட்டிக்கிச்சா? காத்திருப்பதா, நிறுத்துவதா? 12:40-க்கு நிறுத்திவிட்டு கரமனை வீட்டுக்கு வந்தேன்.

பி.காம். படித்தவனுக்கு இது கணிதத்தின் பெரிய கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது.

1936-ல் ஆலன் டூரிங் (டூரிங் டாக்கீஸ் இல்லை!) ஒரு யந்திரத்தைக் கற்பனை செய்தார். நீளமான நாடா, அதில் கட்டங்கள். படி, அழி, எழுது, நகர். இவ்வளவுதான். இன்றைய கம்ப்யூட்டர் போடும் கணக்கெல்லாம் இதற்குள் அடக்கம். கூடவே, இதனால் முடியாத வேலைகளும் உண்டு என்று நிரூபித்தார். பின்னால் வந்தவர்கள் அதை இப்படி விளக்கினார்கள்: எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் 'நிற்கும்', 'நிற்காது' என்று தப்பாமல் சொல்லும் ஜோசியப் புரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். அதையே கேட்டு, அது சொல்வதற்கு நேர் எதிராக நடக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினால்? ஜோசியர் காலி :-)

நம்மூர் சம்பந்தம் ஒன்று. டூரிங்கின் அம்மா 1881-ல் பிறந்தது கோவை போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வே இன்ஜினியர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அவர்களின் இந்திய உத்தியோகத்தால் பிள்ளைகள் பல வருடம் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்கள். டிரான்ஸ்பர் வாழ்க்கை வாழும் நமக்கு இது புரியும்.

எல்லைக்கு அப்பால் என்ன என்று யோசித்தவரும் அவரேதான். 1939 கட்டுரையில், யந்திரத்தால் முடியாத கேள்விக்கு எப்படியோ பதில் சொல்லும் 'ஆரக்கிளை', அதாவது குறிசொல்லியை, யந்திரத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார். அது யந்திரமாக இருக்க முடியாது என்பதற்கு மேல் அதைப் பற்றி விளக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கூட்டணியாலும் தீர்க்க முடியாத கேள்விகள் மிச்சம் இருந்தன!

இன்னொரு கற்பனையும் உண்டு: முதல் அடிக்கு 1 விநாடி, அடுத்ததற்கு அரை, அப்புறம் கால் என்று போய், 2 விநாடிக்குள் முடிவில்லாத அடிகளை வைக்கும் யந்திரம். கட்டியவர் யாருமில்லை. குவாண்டம் கம்ப்யூட்டர்கூட சில கணக்குகளை வேகமாகப் போடும், அவ்வளவுதான். இந்த எல்லையைத் தாண்டாது. கணக்கிட முடியாததை உள்ளே வைத்தால் கணக்கிட முடியாதது வெளியே வரும், இதில் என்ன அதிசயம் என்ற ரீதியில் 2004-ல் மார்ட்டின் டேவிஸ் வாதிட்டார்.

காமர்ஸ்காரனுக்கு இது பழக்கமான விஷயம். இருப்பாய்வு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே வேலையைப் பார்ப்போம். பிழை தீர்ந்தது என்று அர்த்தமில்லை. டூரிங் அதை அனாமத்து என்று தெரிந்தே போட்டார். பின்னால் வந்த சிலர் லாபக் கணக்குக்கு மாற்றப் பார்க்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட்? இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் முடிந்திருக்குமோ என்னவோ!