கூட்டுப்பணித் தளங்களில் செயலி அமைப்போர் பயிற்சி

ஓர் அலுவலகத்தின் கடிதங்கள், கோப்புகள், விடுப்பு விண்ணப்பங்கள், கொள்முதல் அனுமதிகள், அன்றாட உரையாடல்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பலர் சேர்ந்து பணிபுரிய வசதி செய்யும் மென்பொருள் கூட்டுப்பணித் தளம் எனப்படும். அத்தகைய தளத்தை வாங்கிய கோலத்திலேயே வைத்துக்கொள்ளாமல், தத்தம் ஸ்தாபனத்தின் நடைமுறைக்கு ஏற்ற படிவங்களையும் செயலிகளையும் அதன்மேல் அமைப்பவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியே இங்கே விவரிக்கப்படுகிறது. கருவியைக் கையாளும் சிரமம் குறையக் குறைய, வேலையின் உள்விவரம் தெரிந்தவனே அவ்வேலைக்குரிய செயலியையும் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று வந்ததே இப்பயிற்சியின் சரித்திரம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில் 1973-இல் ஏற்பட்ட குறிப்புப் பலகையில் பழகியிருந்த ரே ஓஸி என்பவர் 1984-இல் ஐரிஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, அங்கே உருவான லோட்டஸ் நோட்ஸ் 1989 டிசம்பரில் வெளியாயிற்று. மின்னஞ்சலோடு, அலுவலகம் தானே அமைத்துக்கொள்ளக்கூடிய தரவுத்தளங்களையும் அது தந்தது. தரவுத்தளத்தின் பிரதியொன்றை மடிக்கணினியில் எடுத்துச் சென்று வெளியூரில் வேலை செய்துவிட்டு, தொலைபேசித் தொடர்பு கிடைத்தபோது மூலப் பிரதியோடு இணக்கிக்கொள்ளலாம் என்பது அதன் விசேஷம். இருவர் ஒரே ஆவணத்தை வெவ்வேறு பிரதிகளில் திருத்திவிட்டால் எவருடைய திருத்தம் சரியானது என்பதை இயந்திரம் அறியாது. இரண்டையும் பாதுகாத்து, ஒன்றின்மேல் 'முரண்' என்ற அடையாளத்தை மட்டும் இட்டுவைக்கும். அம்முரண் நேராதவாறு வேலையைப் பிரித்து வடிவமைப்பது எங்ஙனம் என்பதே நோட்ஸ் மாணவன் கற்க வேண்டிய முக்கியமான பாடம். ஒரே விஷயத்தைப் பலர் தொட்டுத் திருத்தும்போது நேரும் சங்கடங்களை முன்கூட்டியே நினைக்கும் அந்தப் பழக்கம் இன்றைக்கும் இத்துறைக்கு அஸ்திவாரமானது என்று துணிந்து கூறலாம்.

லோட்டஸ் நிறுவனம் தான் அங்கீகரித்த பயிற்சி நிலையங்கள் வழியாகப் பாடம் நடத்தித் தேர்வும் சான்றிதழும் வழங்கியது. 1995-இல் ஐ.பி.எம். அந்நிறுவனத்தை 350 கோடி டாலருக்கு வாங்கிற்று. மறு ஆண்டு வந்த நோட்ஸின் நான்காம் பதிப்பில் லோட்டஸ்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி சேர்ந்தபின், சூத்திரங்களை மட்டும் எழுதிவந்தவர்கள் முறையான நிரலாக்கத்தையும் பயில வேண்டியதாயிற்று. பின்னர் 2019-இல் இம்மென்பொருள், திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் நிறுவிய எச்.சி.எல். குழுமத்தின் வசமாயிற்று.

2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஷேர்பாயிண்ட், 2007-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பின் உலகமெங்கும் பெரிய அலுவலகங்களில் பரவியது. அதற்குச் செயலி எழுதுவோரின் பயிற்சி கடினமானது. மாணவன் தன் கணினியிலேயே விண்டோஸ் சர்வரையும் எஸ்.க்யூ.எல். சர்வரையும் ஷேர்பாயிண்டையும் நிறுவ வேண்டும். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் பெரும்பாலும் வலைச் சேவையகத்தை மறுபடி தொடக்கிவிட்டு, முதல் பக்கம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தளத்தைக் குறிக்கும் பொருளை நிரலில் திறந்தவன் வேலை முடிந்ததும் அதைத் தன் கையாலேயே விடுவிக்க வேண்டும் என்பதும், தவறினால் நினைவகம் சிறிது சிறிதாக நிரம்பிச் சேவையகம் முழுவதுமே தளர்ந்துபோகும் என்பதும் அக்காலப் பயிற்சியாளர்கள் வகுப்புதோறும் வற்புறுத்திய நியமங்கள். வகுப்பில் பத்துப் பதிவுகளோடு ஒழுங்காக ஓடிய நிரல், அலுவலகத்தில் ஒரு பட்டியல் 5,000 பதிவுகளைத் தாண்டியவுடன் பிழை காட்டி நின்றுவிடும். தரவுத்தளம் ஏறத்தாழ அந்த எண்ணிக்கைக்கு மேல் வரிவரியாகப் பூட்டாமல் அட்டவணை முழுவதையும் பூட்டிவிடக்கூடும் ஆதலால், மற்றவர்களின் வேலை தடைப்படாதிருக்க 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு அங்கே ஓர் எல்லையை வைத்தது. இக்காரணத்தைப் புரிந்துகொண்ட மாணவன் எந்தத் தளத்திலும் பிழைப்பான். எல்லையை மாற்றும் வழியை மட்டும் மனனம் செய்தவன் அடுத்த பதிப்பில் திகைத்து நிற்பான்.

இந்தியாவில் 1981-இல் தோன்றிய என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் தோன்றிய ஆப்டெக்கும் கணினிக் கல்வியைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுசென்றிருந்தன. ஷேர்பாயிண்ட் போன்ற தனித்துறைகளையோ, சென்னையிலும் ஹைதராபாதின் அமீர்பேட்டையிலும் மாடிக்கு ஒன்றாக இயங்கிய சிறு பயிற்சி நிலையங்களே பிரதானமாகக் கற்பித்தன. நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளை முன்னிறுத்தி அவை நடந்தன. வேலை தேடி வந்த இளைஞர்களுக்கு அவை செய்த உபகாரம் சிறிதன்று. ஆனால் ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு எவர் எவர் கைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று விசாரித்து அறியும் கலைக்கு அந்த வகுப்புகளில் இடமே இல்லாதிருந்தது பெருங்குறை.

தமிழ்நாட்டில் வேறொரு முயற்சி 1996-இல் ஆரம்பிக்கப்பட்ட அட்வென்ட்நெட் நிறுவனத்திலிருந்து கிளைத்தது. 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களைத் தானே பயிற்றுவித்து உத்தியோகத்தில் அமர்த்தும் கல்விச்சாலையைத் தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங் என்று வழங்கிய அச்சாலையில், பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்கள் கட்டணம் இன்றி, மாதந்தோறும் உதவித்தொகை பெற்றுக் கணிதமும் ஆங்கிலமும் நிரலாக்கமும் பயில்கிறார்கள். கூட்டுப்பணித் தளங்களுக்கென்றே ஏற்பட்டதன்று எனினும், அத்தகைய தளங்களை உருவாக்கும் நிறுவனம் தென்காசி போன்ற ஊரிலும் மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிப்பது, இத்துறைக் கல்வி பெருநகரத்துக்கே உரியது என்ற எண்ணத்தைத் தகர்த்தது.

அந்நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஜோஹோ கிரியேட்டரிலும், பின்னர் வந்த கிளிக் என்னும் உரையாடல் தளத்திலும் டெலூஜ் என்ற நிரல்மொழி பயன்படுகிறது. தொடக்க மாணவன் செய்துபார்க்கத் தக்க விடுப்புச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் படிவத்தில் தேதிகளைக் குறித்து அனுப்பியவுடன் நிரல் அவருடைய கணக்கில் மிச்சமுள்ள நாட்களைப் பார்க்கிறது. நாள் இருந்தால் மேலாளரின் உரையாடல் பெட்டிக்கு 'அனுமதி', 'மறுப்பு' என்னும் இரண்டு பொத்தான்களோடு செய்தி போகிறது. அவர் ஒன்றைத் தொட்டதும் பதிவு திருந்துகிறது. சில பத்து வரிகளுக்குள் அடங்கும் வேலைதான். எனினும் மேலாளரே விடுப்பில் இருந்தால் செய்தி யாருக்குப் போக வேண்டும், அவர் பொத்தானை இருமுறை அழுத்தினால் நாட்கள் இருமுறை கழியுமா என்று கேட்கத் தெரிந்தவனே பயிற்சி பெற்றவன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், பழைய நாட்டுப் பிரிவுகளுள் ஒன்றான தேவனூர் நாடு போன்ற பகுதிக்கு இக்கல்வியால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி எழுவது இயல்பே. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றடையும் அம்மலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களை மரவள்ளி பெரிதும் பற்றிக்கொண்ட பிறகு, சிறுதானியங்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து உழவர் குழுக்களோடு சேர்ந்து பணியாற்றியது. எவர் வீட்டில் எந்த விதை எவ்வளவு இருக்கிறது, எவர் எவ்வளவு தானியம் கொடுத்தார், மாவாக்கி விற்ற பணம் எப்படிப் பங்காயிற்று என்பன போன்ற கணக்குகள் எந்தக் குழுவுக்கும் இன்றியமையாதவை. இவை ஒரு கம்பெனியின் கொள்முதல் பதிவேட்டுக்குச் சற்றும் சிக்கல் குறைந்தவை அல்ல. அவற்றுக்குரிய செயலியை அமைக்கத் தகுந்தவர், சென்னையிலிருந்து வரும் நிபுணரைக் காட்டிலும், அக்கணக்கை எழுதிவரும் அம்மலைப் பெண்ணே என்பது என் உறுதியான கருத்து. அவர் பயில வேண்டுமானால் பாடம் தமிழில் இருக்க வேண்டும். கைபேசித் திரையில் செய்துபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். அலை கிட்டாத இடத்தில் பதிந்ததை அலை கிட்டிய இடத்தில் அனுப்பும் முறையும் தொடக்கத்திலேயே சேர வேண்டும். 2022 மார்ச் 1-ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய மென்பொருள் நிறுவனங்களின் பாடங்களைக் கொண்டுசேர்த்திருக்கிறது. அதே கவனம் கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களையும் எட்டினால் பெரும் பயன் விளையும்.

மைக்ரோசாஃப்ட் 2016-இல் பவர் ஆப்ஸையும் 2017-இல் டீம்ஸையும் ஷேர்பாயிண்டின் புதிய நிரலாக்கச் சட்டகத்தையும் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தபின், மாணவன் சேவையகம் நிறுவும் தொல்லையிலிருந்து விடுபட்டான். உலாவியே அவனுடைய பட்டறையாயிற்று. ஆனால் தளம் பிறருக்குச் சொந்தமாக இருப்பதால் வரும் இடர் புதிது. 2013-இல் அறிமுகமான ஷேர்பாயிண்ட் கூடுதல்செயலி முறையைக் கைவிடப்போவதாக அந்நிறுவனம் 2023-இல் அறிவித்தது. பயில்வோர் அதுவரை இலவசமாகப் பெற்றுவந்த பயிற்சித் தளமும் 2024-இன் தொடக்கத்தில் பெரும்பாலோர்க்குக் கிட்டாமற்போயிற்று. பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற ஒன்று, தொலைவில் எடுக்கப்படும் ஒரு தீர்மானத்தால் பயனற்றுப் போவது கற்றவனுக்கு நேரும் அநியாயமே. ஆகையால் தரவை வெளியே எடுத்துச் செல்லும் வழியை முதல் மாதத்திலேயே கற்பிப்பது ஆசிரியரின் கடமையாகிறது.

அண்மை ஆண்டுகளில் சாதாரண வாக்கியத்தில் கேட்டாலே நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவிகள் இத்தளங்களில் சேர்ந்துவிட்டமையால், பயிற்சியின் பாரம் எழுதுவதிலிருந்து சோதிப்பதற்கு மாறிவருகிறது. எந்தக் கோப்பை எவர் காணலாம் என்ற அனுமதி வரம்பைப் பரிசோதித்தல் அதில் தலையாயது. ஊழியர் சம்பளப் பட்டியலைத் தவறிப் பொதுவில் வைத்துவிட்ட அலுவலகத்தில், யார் கேட்டாலும் அவ்வுதவி அதை எடுத்துச் சொல்லிவிடும்.