குழாயின் அளவைத் தீர்மானிப்பது யார்?

இன்னைக்குப் பேசப்போறது ஒரு குட்டி விலைப்பட்டியலோட வரலாறு. மொத்தமே 14 வரிதான். ஆனா அதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு ஊருக்குக் குடிநீர்க் குழாய் டிசைன் பண்ணச் சொன்னாங்க. மேடு பள்ளம், வீடுகளின் எண்ணிக்கை, தண்ணீர்த் தேவை எல்லாத்தையும் மென்பொருளில் ஏத்தி, எந்தத் தெருவுக்கு எந்த விட்டத்தில் குழாய் என்று விடையும் வாங்கிட்டேன். பெருமையா சீனியர்கிட்ட காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, இது எந்த வருஷத்து ரேட்?"

எனக்குத் தெரியல. பழைய ப்ராஜெக்ட் ஃபைலை காப்பி பண்ணும்போது விலைப்பட்டியலும் கூடவே வந்திருக்கு. அது மூணு வருஷம் பழசு. வெறும் குழாய் விலைதான் அதில் இருந்தது. வால்வு, பெண்டு, டீ, பள்ளம் தோண்டுற கூலி எதுவுமே இல்லை. புது ரேட்டைப் போட்டு ஓட்டினால் பல தெருக்களுக்குக் குழாய் அளவே மாறிடுச்சு. தண்ணி மாறல, மேடு பள்ளம் மாறல. விலை மட்டும்தான் மாறுச்சு!

இது ஏன்னு தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது.

அடிப்படை எளிமையானது. பெரிய குழாய்க்கு விலை அதிகம். சின்ன குழாயில் உராய்வு அதிகம். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டத்தில் அனுப்பினால், உராய்வுக் கெழு மாறாது என்று வைத்துக்கொண்டாலும், அழுத்த இழப்பு 32 மடங்காகும். அதை ஈடுகட்ட பம்ப் ஓடணும், கரண்ட் பில் ஏறும். இந்த இரண்டு செலவுக்கும் நடுவில் ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. மின்கம்பிகளுக்கு இதே தர்க்கத்தை 1881-லேயே கெல்வின் பிரபு சொல்லிவிட்டார்.

தண்ணீர்க் குழாய்களில் சிக்கல் வேறு. அவை வலைப்பின்னல். 1936-ல் ஹார்டி கிராஸ், வளையங்கள் உள்ள வலையில் எந்தக் குழாயில் எவ்வளவு ஓடும் என்று கையாலேயே கணக்கிட ஒரு முறை தந்தார். ஆனால் அது ஓட்டத்தைச் சொல்லும். எது மலிவு என்று சொல்லாது.

1977-ல் அல்பெரோவிட்ஸ், ஷமீர் என்ற இருவர் கணினிக்காக ஒரு சின்ன உதாரணம் வைத்தார்கள். இரண்டு வளையம், 8 குழாய்கள், ஒவ்வொன்றும் 1,000 மீட்டர். நான் சொன்ன 14 வரிப் பட்டியல் இங்கேதான் வருது. மீட்டருக்கு 1 அங்குலக் குழாய் 2 அலகு, 10 அங்குலம் 32, 20 அங்குலம் 170. அடுத்து 22 அங்குலம் 300, 24 அங்குலம் 550!

எட்டுக் குழாய்க்கு 14 சைஸ் என்றால் 147 கோடிக்கு மேல் சேர்க்கைகள். அவர்களுக்குக் கிடைத்த விடை 4,97,525 அலகு. இருபது வருஷம் கழித்து, 1997-ல் சாவிச், வால்டர்ஸ் இருவரும் மரபணு வழிமுறை மூலம் 4,19,000-க்கு இறக்கினார்கள். அவர்கள் தேர்ந்த அளவுகள்: 18, 10, 16, 4, 16, 10, 10, 1 அங்குலம். விலை 130, 32, 90, 11, 90, 32, 32, 2. போனில் கூட்டிப் பாருங்க, 419 வரும்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. வழிமுறைகள் மாறிக்கொண்டே வந்தன. பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. யாருடைய வழிமுறை சிறந்தது என்று ஒப்பிட அது சரி. ஆனால் அந்த 4,19,000 என்பது அந்தப் பட்டியலுக்கான விடை. நிஜ உலகில் பட்டியல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எல்லா விலையும் ஒரே விகிதத்தில் ஏறினால், பம்ப் இல்லாத வலையில் அளவுகள் மாறாது. மொத்தத் தொகை மட்டும் ஏறும். ஒரு சைஸுக்கு மட்டும் விலை எகிறினாலோ, பிளாஸ்டிக் ஒரு பக்கமும் இரும்பு இன்னொரு பக்கமும் போனாலோ, டிசைனே மாறும்.

மென்பொருள் இதைக் கவனிக்குமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எபாநெட் 1993-ல் வந்தது. பம்புக்கான மின்செலவைக் கணக்கிடும், குழாய் விலையைக் கேட்காது. ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான ஜல்தந்திரா விலையைக் கேட்கும். ஆனால் அதை உள்ளிட வேண்டியது நாம்தான். பழசைப் போட்டால் பழசுக்கான விடையைக் கச்சிதமாகத் தரும்.

அதனால இப்போ என் ஒவ்வொரு ரேட் ஷீட்டிலும் நாலு விஷயம் எழுதுறேன்: தேதி, எங்கிருந்து எடுத்தது, எந்த அலகு, விலையில் எதெல்லாம் அடக்கம். சலிப்பான வேலைதான். ஆனா அன்னைக்கு சீனியர் சொன்னது மறக்கல: "எஸ்டிமேட் தப்பாப் போனா டெண்டர்ல பணம் பத்தாதும்மா. அப்போ வெட்டுறது எப்பவும் கடைசித் தெருவைத்தான்."

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.