கடல் கடந்த காய்கள்

குருண் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலிருந்து பார்த்தாலும் ஜெராய் மலை நம் கண்முன் ஓங்கி நிற்கிறது. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள இம்மலை, வங்கக்கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்குக் கரை காட்டும் அடையாளமாக விளங்கியது. தெற்கு அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கே அவர்கள் இறங்கிய துறை. பருவக்காற்று மாறும்வரை அவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பவனுக்கு ஒரு விளையாட்டு வேண்டுமல்லவா? 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஒன்று கிடைத்தது. அந்த ஆட்டத்தின் வழிவந்தது பேக்கமன். அமெரிக்கக் கடற்படையினர் அதைச் சற்று மாற்றி, 'ஏசி டூசி' என்ற பெயரில் ஆடினர். ஏஸ் என்றால் ஒன்று. டியூஸ் என்றால் இரண்டு. அந்த இரண்டும் சேர்ந்து விழுந்தால் கூடுதல் நகர்வும் மறு ஆட்டமும் உண்டு. தொடக்கத்தில் 15 காய்களும் பலகைக்கு வெளியே இருக்கும். பகடை விழுந்தே உள்ளே வர வேண்டும். வெட்டுப்பட்ட காய் மீண்டும் வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைக் கேட்டதும் நமக்குத் தாயம் நினைவுக்கு வருகிறதல்லவா? அதிலும் காய்கள் வெளியே காத்திருக்கும். ஒன்று விழுந்தால்தான் நுழையலாம். இரண்டு தாயக்கட்டைகள் 16 விதமாக விழும். அவற்றில் தாயம் இரண்டே. அதனால்தான் அத்தனை ஏக்கம்! மதுரை அருகே கீழடி அகழாய்வில் பகடைகள் கிடைத்துள்ளன. பகடை உருட்டுவது நமக்கு அவ்வளவு பழமையான பழக்கம்.

1926-இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த நம் முன்னோர் பலர் மேல்தட்டுப் பயணிகள். அவர்களுடைய மூட்டை சிறிது. ஆனால் தாயத்துக்கு மூட்டையில் இடம் வேண்டியதில்லை. தரையில் கரிக்கோடு, ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டை, நினைவில் விதிகள், இவை போதும்.

அந்த நினைவுதான் இன்று குறைந்து வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பிரிந்தன. லயத்து வாசலில் கூடி ஆடிய கூட்டமும் கலைந்தது. ஊருக்கு ஊர் மாறும் தாய விதிகள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. பாட்டிமார் வாயில்தான் உள்ளன.

ஆகவே, பந்தயப் பணம் வைக்காமல், இந்த ஞாயிறு பாட்டியை ஒரு கட்டம் கீறச் சொல்வோம். அவர் சொல்லும் விதிகளைப் பிள்ளைகள் ஏட்டில் எழுதட்டும். கடலைக் கடந்து வந்த காய்களை நம் வாசலில் தொலைத்துவிடக் கூடாது.